மூன்று சரி, ஒரு தப்பு

பள்ளிக்கூடத்திலிருந்து போன் வந்தபோது தாரணியின் கையில் ஒரு குழந்தைப் பனியன் இருந்தது. கழுத்துப்பட்டையில் பதினோரு தையலுக்கு ஒரு தையல் விட்டுப் போயிருந்தது. சிவப்பு அம்பு ஸ்டிக்கர் ஒன்றை உரித்து அந்த இடத்தில் ஒட்டி, திருத்தத்துக்குப் போகிற ஆல்ட்டர் கூடையில் பனியனைப் போட்டுவிட்டுத்தான் போனை எடுத்தாள்.

"நறுமுகை அம்மாங்களா? ஹெச்.எம். சார் உடனே வரச் சொன்னாருங்க. பயப்படாதீங்க, ஒரு கையெழுத்துதான்."

ஒரு கையெழுத்துதான் என்று சொல்கிறவர்களை தாரணி எப்போதும் நம்பியதில்லை. சூப்பர்வைசரிடம் பெர்மிஷன் சொல்லிவிட்டு, மேஜையில் கிடந்த ஸ்டிக்கர் அட்டையை மறதியாகப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

அது இரண்டாயிரத்து நாற்பத்தொன்றாம் வருஷம். திருப்பூரில் வெட்டுவது, தைப்பது, மடிப்பது எல்லாம் இயந்திரம் என்றாகிப் பல வருஷமாயிற்று. குறை பார்க்க மட்டும் இன்னும் பெண்கள் இருந்தார்கள். இயந்திரம் தைத்ததை இன்னொரு இயந்திரம் சோதித்தால், இரண்டும் கூட்டுக் களவாணிகள் போல ஒன்றையொன்று காப்பாற்றிக்கொள்கின்றன என்று வாங்குகிற வெளிநாட்டுக்காரர்கள் கண்டுகொண்டதுதான் காரணம். தாரணி பதினான்கு வருஷமாகச் செக்கிங் மேஜையில் நிற்கிறாள். பத்தாம் வகுப்போடு படிப்பு நின்றுபோனவள். ஆனால் ஒரு தப்பைப் பார்த்தால் அது எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுவாள்.

மலர்ச்சி நடுநிலைப் பள்ளியின் தலைமையாசிரியர் நடராஜமூர்த்தி நல்ல மனிதர். அதுதான் பிரச்சினை. கெட்ட மனிதராக இருந்தால் சண்டை போட்டு ஜெயித்துவிடலாம். அவர் எழுந்து நின்று வணக்கம் சொல்லி, தண்ணீர் கொடுத்து, விசிறியைத் திருப்பி வைத்துவிட்டுத்தான் படிவத்தை நீட்டினார். அவர் தலைக்கு மேலே சுவரில் ஒரு பச்சைப் பலகை மாட்டியிருந்தது. 'சமநடைப் பள்ளி. இடைவெளி: 4.'

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா. இது தண்டனை இல்ல. குழந்தையோட நல்லதுக்குத்தான்."

தாரணி படித்தாள். ஐந்தாம் வகுப்பு நறுமுகையை மெதுநடைப் பிரிவுக்கு மாற்றச் சம்மதிக்கிறேன். எட்டாம் வகுப்பு முடியும்வரை அதே பிரிவில் தொடரச் சம்மதிக்கிறேன். மூளை வளர்ச்சி குறித்த மருத்துவச் சோதனைக்கும், அதன் முடிவை மாற்றுச் சான்றிதழில் குறிப்பதற்கும் சம்மதிக்கிறேன்.

மூன்றாவது வரியை இன்னொரு முறை படித்தாள்.

"யாருக்குங் மூளை வளர்ச்சி இல்ல?"

"மூணு மாசமா நூத்துக்கு இருபத்தஞ்சு தப்பும்மா. இருபதுக்கு மேல போனா சமன் தானாவே பேரை அனுப்பிடும். எங்க கையில ஒண்ணும் இல்ல."

சமன் என்பது பிள்ளைகள் கையில் இருக்கும் கணினிப் பலகைகளுக்குள் ஓடும் மூளை. ஒவ்வொரு பிள்ளைக்கும் அது கணக்குக் கொடுக்கும், திருத்தும், அடுத்தது கொடுக்கும். வகுப்பில் முதலில் நிற்கும் பிள்ளைக்கும் கடைசியில் நிற்கும் பிள்ளைக்கும் நடுவே எவ்வளவு தூரம் என்று தினமும் அளந்து ஒரு எண்ணாகச் சொல்லும். அந்த எண் குறையக் குறையப் பள்ளிக்கு மரியாதை. மூன்று வருஷத்துக்கு முன்னால் மலர்ச்சிப் பள்ளியின் எண் முப்பத்தொன்று. இப்போது நான்கு. அதற்குத்தான் பச்சைப் பலகை.

"என்ற புள்ள மோட்டார் போட்டா பைப்புச் சத்தத்தக் கேட்டுட்டு, இன்னும் ஏழு நிமிசத்துல டேங்க்கு ரொம்பிரும்மான்னு சொல்லுவாளுங். ஏழாவது நிமிசம் தண்ணி வழியும். அவளுக்கா கணக்கு வரல?"

"வீட்ல அப்படித்தாம்மா தெரியும். எல்லாப் பெத்தவங்களும் இதையேதான் சொல்றாங்க." அவர் பேனாவையும் நீட்டினார்.

தாரணி பேனாவை வாங்கவில்லை. "தப்பு லிஸ்ட்டக் காட்டுங்க."

"எதுக்கும்மா? உங்களுக்கு..." என்று இழுத்தவர், 'புரியாது' என்ற சொல்லை நாகரிகம் கருதி விழுங்கிக்கொண்டார். அவர் விழுங்கியது தாரணியின் காதில் நன்றாகவே விழுந்தது.

"பீஸப் பாக்காம ரிஜெக்ட்டுல கையெழுத்துப் போடற பழக்கம் எனக்கு இல்லீங் சார்."

வகுப்பாசிரியை ஜெசிந்தா மூன்று மாதக் கணக்குகளை அச்செடுத்துக் கொண்டுவந்தாள். நாற்பது பக்கம். முப்பது வயதிருக்கும், முகத்தில் தூக்கமில்லாத களைப்பு. தாரணி தலைமையாசிரியரின் மேஜையில் இருந்த பூச்சாடியையும் காலண்டரையும் ஓரமாக நகர்த்திவிட்டுத் தாள்களை வரிசையாகப் பரப்பினாள். பிறகு பையிலிருந்து ஸ்டிக்கர் அட்டையை எடுத்து, தப்பு என்று போட்டிருந்த ஒவ்வொரு விடைக்குப் பக்கத்திலும் ஒரு சிவப்பு அம்பை ஒட்ட ஆரம்பித்தாள். கை பழகிய கை, கண் பழகிய கண். நடராஜமூர்த்தி ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்தார், பிறகு பார்ப்பதை விட்டுவிட்டார்.

ஆறாவது பக்கத்தில் தாரணியின் கை நின்றது.

"டீச்சர், இங்க வந்து கொஞ்சம் பாருங்க."

அம்புகள் சீராக இறங்கிக்கொண்டிருந்தன. மூன்று சரி, ஒரு தப்பு. மூன்று சரி, ஒரு தப்பு. எந்தப் பக்கத்தை எடுத்தாலும் அதே இடைவெளி, அளந்து வைத்த பொத்தான்கள் மாதிரி.

"மனுசன் தப்புப் பண்ணுனா அங்கொண்ணு இங்கொண்ணாத்தான் வரும்ங் டீச்சர். அசதி வர்ற வரைக்கும் நல்லாத் தைப்பாங்க, அப்பறம் கோணும். இப்பிடித் தாளம் தப்பாம வந்தா, ஒண்ணு மெஷினோட செட்டிங்கு. இல்லாட்டி வேணும்னே பண்ணுனது." அவள் நிமிர்ந்தாள். "என்ற புள்ள மெஷினு இல்லீங்."

ஜெசிந்தா குனிந்து அம்பு ஒட்டிய விடைகளை மட்டும் வாசித்தாள். வாசிக்க வாசிக்க அவள் குரல் இறங்கியது. "முப்பத்தாறு பெருக்கல் இருபத்தஞ்சு, தொள்ளாயிரம். தொள்ளாயிரத்து ஒண்ணுன்னு போட்டிருக்கா. பதினேழு பெருக்கல் பதினாலு, எரநூத்து முப்பத்தெட்டு. முப்பத்தொம்பதுன்னு போட்டிருக்கா. தொண்ணூத்தாறுல கால்வாசி இருபத்துநாலு, இருபத்தஞ்சு... சார், எல்லாத் தப்பும் சரியா ஒண்ணு கூடவே இருக்கு."

"அப்படின்னா?"

"சரியான விடை தெரிஞ்சாத்தான் சார் ஒண்ணு கூட்டிப் போட முடியும்."

நடராஜமூர்த்தி தாள்களைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.

"இது சமனுக்குத் தெரியலையா?" என்று கேட்டார் அவர். தன்னைத்தானே கேட்டுக்கொண்ட மாதிரி இருந்தது.

"எத்தன தப்புன்னுதான் சார் அது எண்ணும். எங்கெங்கன்னு எண்ணாது. எண்ணச் சொல்லி யாரும் சொல்லல."

நறுமுகையை அழைத்துவந்தார்கள். பத்து வயது, இரட்டைச் சடை, வலதுகைப் பெருவிரலில் மைக்கறை. மேஜை முழுக்கச் சிவப்பு அம்புகளைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது. திருடி மாட்டிக்கொண்டவள் போல அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைத்தாள்.

"அடிக்க மாட்டேன் கண்ணு. எதுக்குச் சாமி ஒண்ணு கூட்டிக் கூட்டிப் போட்ட?"

சேலைக்குள்ளிருந்து பதில் வந்தது. "நாலு சரியாப் போட்டா மயில் வந்துரும்மா."

"மயிலா?"

"தோகைய விரிச்சுட்டு நிக்கும். 'அருமை, நண்பர்கள் வரும்வரை காத்திரு'ன்னு சொல்லும். அப்பறம் ஒண்ணுமே தராது. எல்லாரும் முடிக்கோணும். ஒரு நா இருபத்தொம்பது நிமிசம் நின்னுச்சு. அதுக்குத் தோகையில நாப்பத்தாறு கண்ணு இருக்குதும்மா."

"நோட்டுல ஏதாச்சும் போட்டுட்டு உக்காந்திருக்கலாமல்லோ?"

பிள்ளை டீச்சரை ஓரக்கண்ணால் பார்த்தது. "கையக் கட்டி உக்காரச் சொல்லுவாங்க."

ஜெசிந்தா தரையைப் பார்த்தாள்.

"தப்புப் போட்டா?"

இப்போது முகம் வெளியே வந்தது. அதில் ஒரு வெளிச்சம் இருந்தது. "தப்புப் போட்டா புதுசு புதுசாத் தரும்மா! நமக்குப் புரியலைன்னு நெனச்சுக்கிட்டு வேற வேற மாதிரி கேக்கும். படம் போட்டுக் கேக்கும், கதையாக் கேக்கும், கட்டம் கட்டமாக் கேக்கும். போன வாரம் ஒண்ணு தந்துச்சு, ரெண்டு நாளு யோசிச்சேன், அவ்வளவு நல்லா இருந்துச்சு. நாலாவதத் தப்பாப் போட்டா மறுக்கா ஒண்ணுல இருந்து எண்ணும். மயில் வராது."

தாரணிக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. அந்தச் சிரிப்பு தொண்டைக்கு வருவதற்குள் வேறொன்றாக மாறிவிட்டது. பசிக்கிறது என்று சொன்னால் சோறு கிடைக்காது, வயிற்றுவலி என்று பொய் சொன்னால்தான் கிடைக்கும் என்று ஒரு பிள்ளை தானாகவே கண்டுபிடித்து, மூன்று மாதமாக யாரிடமும் சொல்லாமல் அப்படியே சாப்பிட்டு வந்திருக்கிறது. இதை வெட்கமில்லாமல் பள்ளிக்கூடம் என்கிறார்கள்.

"ஏனுங் சார், படிக்கறதுக்கு என்ற புள்ள முட்டாளாட்ட நடிக்கோணுமா? எந்த ஊரு நாயமுங் இது?"

நடராஜமூர்த்தி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மயிலை நாங்க வைக்கலம்மா. சமன்கிட்ட இடைவெளியக் குறைன்னுதான் சொன்னது. எப்படிக் குறைக்கணும்னு யாரும் சொல்லல. பின்னாடி இருக்கறவங்கள முன்னாடி கொண்டுவர வருஷக்கணக்காகும். முன்னாடி இருக்கறவங்கள நிறுத்தி வைக்க ஒரு மயில் போதும்னு அதுவே கத்துக்கிச்சு. எண் குறைஞ்சது. எங்களுக்கும் சந்தோஷமா இருந்துச்சு. நாங்க ஏன்னு கேக்கல."

உண்மையைச் சொல்லிவிட்டார். அதற்காக அவரை மன்னிக்கத் தாரணிக்கு மனம் வரவில்லை.

"அப்ப மயில எடுத்துருங்க."

"எடுத்தா உங்க பொண்ணு ஓடிடுவா. இடைவெளி நாப்பதுக்குப் போயிடும். பச்சைப் பலகை போனா மெதுநடைப் பிரிவுக்குத் தனியா வந்த ரெண்டு டீச்சரும் போயிடுவாங்க. அங்க நிஜமாவே எழுத்துக் கூட்டத் தெரியாத பிள்ளைங்க இருக்காங்கம்மா. உங்க ஒரு பிள்ளைக்காக அவங்கள விட்டுடச் சொல்றீங்களா?"

"நான் எங்கீங் அப்பிடிச் சொன்னேன்? அந்தப் புள்ளைகளுக்கு ரெண்டென்ன, நாலு டீச்சர் போடுங்க, நானே வந்து கூட நின்னு கேக்கறேன். அவியளத் தூக்கி விடுங்கன்னா, இவளக் கட்டிப் போட்டுட்டு ரெண்டு பேரும் ஒண்ணா நிக்கறாங்கன்னு போர்டு மாட்டிட்டு உக்காந்திருக்கறீங்க. இதுல அந்தப் புள்ளைக்கு என்ன கெடச்சுது சொல்லுங்க?"

நடராஜமூர்த்தி படிவத்தை ஓரமாகத் தள்ளினார். அவரிடம் ஒரு யோசனை இருந்தது. "ஒண்ணு பண்ணலாம். நறுமுகைய கிளாஸ் லீடர் ஆக்கிடறோம். மயில் வந்ததும் எந்திரிச்சு, பேசறவங்க பேரை போர்டுல எழுதட்டும். நோட்டுத் திருத்தட்டும். நேரம் போயிடும்."

நம் பள்ளிக்கூடங்கள் கெட்டிக்காரப் பிள்ளைகளுக்குக் காலங்காலமாகக் கொடுத்துவரும் பரிசு இதுதான். பலகைக்குள் மூளை வந்தாலும் அந்த சாக்பீஸ் மட்டும் மாறவில்லை.

"லீடரு வேண்டாம் சார்," என்றாள் நறுமுகை. பிறகு அம்மாவின் கையைப் பிடித்து இழுத்து மெதுவாகச் சொன்னாள். "நீ அதுல கையெழுத்துப் போட்டுரும்மா."

"எதுல?"

"அந்தப் பேப்பர்ல. மெதுநடை கிளாஸ்ல மயிலே வராதாம். நாளெல்லாம் கணக்குத் தருவாங்களாம். அதுக்குத்தான இவ்வளவு நாளு தப்புப் போட்டேன்."

தாரணி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். பிள்ளை ஏமாறவில்லை. திட்டம் போட்டு, நூற்றுக்கு இருபத்தைந்து என்று அளந்து தப்புப் போட்டு, தன் பேரைத் தானே அந்தப் பட்டியலுக்கு அனுப்பியிருக்கிறது. சான்றிதழில் என்ன எழுதுவார்கள் என்று அதற்குத் தெரியாது. தெரிந்தாலும் கணக்குக்காக அதையும் கொடுத்துவிடும் போலிருந்தது. கேட்டதைக் கொடுத்துவிட்டால்தான் என்ன என்று ஒரு நிமிஷம் அவளுக்கே தோன்றியது.

அப்போது ஜெசிந்தா சொன்னாள். "சார், மெதுநடையில பதினாலு பேரு இருக்காங்க. இவ ஒருத்திதான் இதக் கண்டுபிடிச்சிருப்பான்னு எனக்குத் தோணல."

அவர் வேண்டாம் என்று சொல்லும் முன்பே அச்சுப்பொறி ஓட ஆரம்பித்தது. தாரணி மீதியிருந்த அம்புகளை ஜெசிந்தாவோடு பங்கிட்டுக்கொண்டாள். பதினான்கில் ஒன்பது பேருடைய அம்புகள் அங்குமிங்குமாகக் கிடந்தன. அவை உண்மையான தடுமாற்றங்கள், உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தால் சரியாகிவிடக்கூடியவை. மற்ற ஐந்து பேருடையதும் முதல் பக்கத்திலேயே தாளத்தோடு இறங்கின. மூன்று சரி, ஒரு தப்பு.

ஐந்தாவது தாள் துருவன் என்ற ஏழாம் வகுப்புப் பையனுடையது. இரண்டு வருஷக் கணக்கு. தாரணி அதன் முதல் பக்கத்தையும் நடுப் பக்கத்தையும் கடைசிப் பக்கத்தையும் அடுத்தடுத்து வைத்தாள். முதலில் மூன்று சரி, ஒரு தப்பு, எல்லாம் ஒன்று கூடுதல். நடுவில் இரண்டு சரி, ஒரு தப்பு. கடைசிப் பக்கத்தில் அம்புகள் இறைந்து கிடந்தன. ஒன்று கூடுதலும் இல்லை, ஒன்று குறைவும் இல்லை. என்னென்னவோ எண்கள்.

"இது வேணும்னு பண்ணுனதில்லீங்," என்றாள் தாரணி.

ஜெசிந்தா அந்தத் தாளைக் கையில் எடுத்தாள். "அஞ்சாவதுல என் கிளாஸ்தான். கேள்வியா கேட்டு உயிரை வாங்குவான். இவன மெதுநடைக்கு அனுப்ப நான்தான் சார் ஒப்பம் போட்டேன்." வாயைப் பொத்திக்கொண்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

தாரணி சம்மதப் படிவத்தை எடுத்தாள். கையெழுத்துக்கு விட்டிருந்த கோட்டின் மேல் ஒரு சிவப்பு அம்பை ஒட்டினாள். "இது ஆல்ட்டருக்குப் போகட்டும்ங். சரி பண்ணாம எங்க கம்பெனியில அம்பு ஒட்டுன பீஸ வெளிய அனுப்ப மாட்டாங்க."

நடராஜமூர்த்தி கோபப்படவில்லை. எழுந்து வந்து, கும்பிடாத குறையாகச் சொன்னார். "நான் மேலே எழுதறேம்மா. சத்தியமா எழுதறேன். ஆனா திட்ட அலுவலகத்துல பதில் வர அடுத்த பருவம் ஆயிடும். அதுவரைக்கும் பழையபடியே போகட்டும். ஆறு மாசம்தான். பிள்ளை இத்தனை நாள் சமாளிச்சிருக்கா. பொறுத்துக்கங்க."

ஆறு மாசம்தான். தாரணிக்கும் கம்பெனிக்குத் திரும்ப நேரமாகிவிட்டது. வீட்டுக்காரனும் நூல் லாரியோடு தூத்துக்குடி போயிருந்தான், கேட்க ஆளில்லை. ஜெயித்ததா தோற்றதா என்று தெரியாமலே தலையை ஆட்டிவிட்டு, மகளை அரை நாள் விடுப்பில் கூட்டிக்கொண்டு வெளியே வந்தாள்.

ஸ்கூட்டரில் நறுமுகை முன்னால் நின்றுகொண்டாள். பிள்ளை பயந்துபோயிருக்கிறது, விருப்பமானது எதையாவது பேசுவோம் என்று தாரணிக்குத் தோன்றியது.

"கண்ணு, நானூத்தி எம்பது பீஸு. பன்னெண்டு பன்னெண்டாக் கட்டுனா எத்தன கட்டு?"

"நாப்பது." கேள்வி முடிவதற்குள் பதில் வந்தது.

"ஆறு மேஜை. ஒரு மேஜையில மணிக்கு முப்பத்தஞ்சு பீஸு பாப்போம்."

"எரநூத்திப் பத்து."

"அந்த வேகத்துல எண்ணூத்தி நாப்பது பீஸு பாக்க?"

"நாலு மணி நேரம். இதெல்லாம் ஈசிம்மா, வேற கேளு!" கைப்பிடியில் தாளம் போட்டுக்கொண்டு குதித்தாள். தாரணிக்கும் மனசு லேசாயிற்று.

"சரி. இருபத்தஞ்சு பீஸுக்கு ஒண்ணு ரிஜெக்ட்டு. முன்னூறு பீஸுல எத்தன?"

"பதிமூணு."

சிக்னல் சிவப்பாக இருந்தது. தாரணி வண்டியை நிறுத்தினாள். இந்த நாலாவது கணக்கு அவள் தினமும் மேஜையில் போடுவது. பன்னிரண்டு.

"ஏன் சாமி, அம்மாகிட்டயுமா?"

"என்னம்மா?"

"பதிமூணுன்னியே."

"பதிமூணுதானம்மா?" என்று திரும்பிப் பார்த்தாள் நறுமுகை. விளையாட்டு எதுவும் அந்த முகத்தில் இல்லை. விரல்களை மடக்கினாள், உதடு அசைந்தது, மறுபடியும் மடக்கினாள். மெல்ல மெல்ல அந்தக் கண்களில் பயம் ஏறியது. "அம்மா, நான் வேணும்னு சொல்லலம்மா."

பச்சை விழுந்தது. பின்னால் இருந்த வண்டிகள் ஹாரன் அடித்தன. தாரணி இண்டிகேட்டரைப் போட்டு, வந்த வழியே பள்ளிக்கூடத்துக்கு வண்டியைத் திருப்பினாள்.